குண்டு இளைத்த கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு, உடல் மெலிவதற்கு ஏதோ பத்தியச் சாப்பாடு சொல்லப்போகிறேன் என்று ஆவலோடு இந்தப் பக்கத்தைப் புரட்டிய சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். இது வேறு குண்டு. ரைபிள் குண்டு.

போய்விடாதீர்கள்! இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். இதில் நம் வீட்டுப் பெண்களுக்குச் சம்பந்தமுள்ள சமாசாரம் நிறைய இருக்கிறது.

துப்பாக்கியைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. குழல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் போகும், குண்டு எவ்வளவு பருமனோ அவ்வளவுக்குக் குறி தப்பாது என்பதே அது. சினிமாக்காரர்களும் தங்களால் இயன்ற மட்டும் இந்த எண்ணத்துக்குத் தூபம் போட்டு வந்திருக்கிறார்கள். கதாநாயகன் சின்னத் துப்பாக்கி வைத்திருந்தால், வில்லன் அதைவிட இரு மடங்கு நீளமுள்ள ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவான்.

விஷயம் அப்படி இல்லை. 1,000 கஜத்துக்கு அப்பால் ஒரு பலகையை நிறுத்தி, அதைக் குறி பார்த்துப் பந்தயம் சுடும் வழக்கம் மேல்நாடுகளில் சுமார் 160 வருஷங்களாக இருந்து வருகிறது. 1,000 கஜம் என்றால் 914 மீட்டர். அந்தத் தூரம் அன்றும் அதுதான், இன்றும் அதுதான். குண்டு மட்டும் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அது ஏன் இளைத்தது என்பதுதான் கதை.

எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். எல்லாம் என் அக்காவின் பெண்ணால் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். 2024-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, ரைபிள் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "எந்தக் காலிபர்?" என்று கேட்டாராம். அக்காவுக்கு அழுகை வராத குறை. உடனே எனக்குப் போன் செய்தாள்.

"நீ பத்திரிகையில்தானே இருக்கிறாய்? நாலு பேரை விசாரி. அபாயமான விவகாரம் என்றால், வேண்டாம் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்கமாட்டாள்."

பெண் ஒரு புறம், தாய் ஒரு புறம். நடுவில் தீர்ப்புச் சொல்ல நான்! விசாரிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? புத்தகங்களைப் புரட்டினேன், சுடும் மைதானம் ஒன்றுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன், பயிற்சி தரும் அம்மாளிடம் மணிக்கணக்காகப் பேசினேன்.

முதலில் இந்தக் காலிபர் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். குழலின் உள்வாயின் குறுக்களவுதான் காலிபர். பாயிண்ட் டூ டூ என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்து அதில் இருபத்திரண்டு பங்கு. பழைய யுத்தப் படங்களில் வரும் த்ரீ நாட் த்ரீ என்றால் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு. ஐரோப்பியர் இதையே மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

சிதறு குண்டு போடும் துப்பாக்கிக்கு மட்டும் கணக்கு வேறு. நூல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது சுலபமாகப் புரியும். ஒரு ராத்தல் நூலில் எத்தனை சிட்டம் என்பதுதானே நூலின் நம்பர்? அதனால்தான் 40-ஆம் நம்பரைவிட 100-ஆம் நம்பர் மெல்லியது. அதேபோல், ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழையும் வாய் பன்னிரண்டு போர். இருபதாக உருட்டினால் இருபது போர். நம்பர் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். துப்பாக்கி செய்கிறவனும் நூல் நூற்கிறவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்திருக்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கை. பெயரில் உள்ள அளவு எப்போதும் உண்மை அளவாக இருக்காது. .303 என்று பெயர் பெற்ற ரைபிளின் குண்டு உண்மையில் .311 அங்குலம். அதற்குப் பிறகு வந்த .308-இன் குண்டு .308 தான். பெயரைப் பார்த்தால் பெருத்தது போல் இருக்கிறது, அளந்து பார்த்தால் இளைத்திருக்கிறது. ரெடிமேட் ரவிக்கை வாங்கி அனுபவப்பட்டவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மைதானத்துக்கு வருவோம். ஒலிம்பிக்கில் இப்போது ரைபிளுக்கு இரண்டே அளவுதான். பத்து மீட்டர் தூரத்துக்கு 4.5 மில்லிமீட்டர் காற்று ரைபிள். ஐம்பது மீட்டருக்கு 5.6 மில்லிமீட்டர், அதாவது .22. முன்பு 300 மீட்டர் தூரத்துக்குப் பெரிய ரைபிள் போட்டியும் இருந்தது. 1972 மூனிச் ஒலிம்பிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள்.

காற்று ரைபிளில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுத்தான் குண்டைத் தள்ளுகிறது. அந்தக் குண்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். அரை கிராம் எடை. உடுக்கை மாதிரி நடுவில் இடை சிறுத்து, முன்பக்கம் தட்டையாக இருந்தது.

"இதுவா ஒலிம்பிக் குண்டு?" என்று அக்காவின் பெண் முகத்தைச் சுளித்தாள். அவளுக்குப் பெரியதாக ஏதாவது வேண்டும்.

பயிற்சி அம்மாள் சிரித்துக்கொண்டே இலக்குத் தாளைக் காட்டினார். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் பத்து மார்க் புள்ளி. குறுக்களவு அரை மில்லிமீட்டர். கோலமாவு ஒரு துளி சிந்தினால் இதைவிடப் பெரிதாக விழும். அதைப் பத்து மீட்டருக்கு அப்பால் வைத்து, நின்றபடியே சுட வேண்டும். இப்போது பத்து மார்க்கையும் பத்தாகப் பகுத்து 10.9 வரை மார்க் போடுகிறார்கள். ஒரு பங்குக்கும் அடுத்த பங்குக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்.

குண்டின் முன்பக்கம் தட்டையாக இருப்பதற்குக் காரணம், பிஸ்கட் மாவை டப்பா மூடியால் வெட்டுகிறோமே, அதுபோல் தாளை வட்டமாகக் கத்தரிக்கத்தான். கூரான குண்டு தாளைக் கிழித்துவிடும், மார்க் அளக்க முடியாது. இப்போது பெரிய போட்டிகளில் மின்கருவியே மார்க்கைச் சொல்லிவிடுகிறது என்றாலும், குண்டு தன் பழைய முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்தத் தட்டை முகத்தை வைத்துக்கொண்டு காற்றைக் கிழித்து வெகுதூரம் போக முடியாது. பத்து மீட்டருக்கு அது போதும். சரியாகப் பத்து மீட்டருக்கென்றே பிறந்த குண்டு அது.

அபாயம் எவ்வளவு? அக்காவின் கேள்வி இதுதான். இந்தக் குண்டு விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் சக்தி ஏழெட்டு ஜூல். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் சமையல் மேடையிலிருந்து தரையில் விழுந்தால் எவ்வளவு சக்தியோ, அவ்வளவு. அதற்காக இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தனை சக்தியும் மிளகளவு இடத்தில் இறங்குகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். .22 குண்டின் சக்தி சுமார் 140 ஜூல். நிறை காஸ் சிலிண்டர் அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 1,000 கஜம் சுடும் .308-க்கு 3,500 ஜூலுக்குக் குறையாது. ஐம்பது கிலோ அரிசி மூட்டையை இரண்டாம் மாடியிலிருந்து தள்ளிவிட்டது போல!

இத்தனை சக்தியும் முன்னால் போகும்போது, பின்னால் தோளில் ஓர் உதை விழும் அல்லவா? சுடுகிறவர் அறியாமலே, உதை விழப் போகிறது என்று உடம்பு ஒரு கணம் முன்பாகவே துடிக்கிறது. குறி கெடுவதற்கு அந்தத் துடிப்பு ஒன்றே போதும். சின்னக் குண்டு நமக்குச் செய்யும் முதல் உபகாரம், தோளைச் சும்மா விடுவதுதான்.

அடுத்தது .22. சின்னக் குண்டாயிற்றே, வேகமாக விட்டால் என்ன என்று தோன்றும். விட முடியும். ஆனால் பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பந்தயத் தோட்டாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 325 மீட்டர். ஒலியின் வேகம் 340. ஒலியை முந்திப் புறப்பட்ட குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில், மேட்டில் ஏறி இறங்கும் குதிரை வண்டி மாதிரி ஆட்டம் கொடுக்கிறது. அந்த வம்பே வேண்டாம் என்று முதலிலிருந்தே ஒலிக்குப் பின்னால் அடக்கமாக வருகிறது பந்தயக் குண்டு.

காற்று விஷயம் இன்னும் விசித்திரமானது. பக்கவாட்டில் காற்று அடித்தால் குண்டு ஒதுங்கும். வேகமாகப் போகும் குண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும், ஆகையால் குறைவாகத்தான் ஒதுங்கும் என்றுதானே நாம் கணக்குப் போடுவோம்? .22-இல் அது பலிப்பதில்லை. ஒலியை முந்திப் போகும் வேகத் தோட்டாதான் அடக்கமான தோட்டாவைவிட அதிகமாக ஒதுங்குகிறது! காரணம் இதுதான். குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்பதல்ல கணக்கு. காற்றின் எதிர்ப்பால் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதே கணக்கு. ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் அந்த எதிர்ப்புத் திடீரென்று ஏறிவிடுகிறது. வேகமாகப் புறப்பட்ட குண்டு, அங்கே இழக்கக் கூடாத நேரத்தை இழந்துவிடுகிறது.

இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், 1,000 கஜத்தின் ரகசியமும் விளங்கிவிடும். .308 குண்டு விநாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பூமியில் காற்றே இல்லையென்றால் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் 1,000 கஜத்தைக் கடந்துவிடும். உண்மையில் சுமார் 1.6 விநாடி பிடிக்கிறது. இழந்தது அரை விநாடிக்கு மேல். அப்போது விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று வீசினால் — முகத்தில் படும் சாதாரண மாலைக் காற்றுத்தான் — குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும். ஆள் உயரத்துக்கு மேல்! இது போதாதென்று, பத்து மீட்டர் அளவுக்குக் கீழேயும் இறங்கும். கீழே இறங்குவதைக் கணக்குப் போட்டுச் சரி செய்துவிடலாம். பூமியின் இழுப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். காற்று அப்படியா? சுடுமிடத்தில் ஒரு திசை, பாதி வழியில் வேறு திசை, பலகையருகே மூன்றாவது திசை. அதனால்தான் நெடுந்தூர மைதானங்களில் வழி நெடுகக் கொடிகள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, நெடுந்தூரக் குண்டுக்கு வேண்டிய குணம் காற்றிடம் நேரத்தை இழக்காமல் இருப்பது. அதற்கு எடை வேண்டும், ஆனால் அகலம் கூடாது. எலுமிச்சம்பழமாக இருக்கக் கூடாது, முருங்கைக்காயாக இருக்க வேண்டும். முருங்கைக்காயை அப்படியே எறிந்தால் குட்டிக்கரணம் போடும். ஆகையால் பம்பரம் போல் சுழற்றிவிட வேண்டும். ரைபிளின் குழலுக்குள் திருகு திருகாகக் காடி வெட்டியிருப்பது இதற்காகத்தான். அங்கிருந்து வெளியே வரும் குண்டு விநாடிக்கு 2,800 சுற்றுக்குக் குறையாமல் சுழல்கிறது.

இதை மனிதர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1857-இல் நம் நாட்டுச் சிப்பாய்களிடம் கொடுத்து, அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெரும் கலகம் மூண்டதே, அந்த என்ஃபீல்டு ரைபிளின் வாய் .577 அங்குலம். ஏறக்குறைய கட்டைவிரல் நுழையும். அதே 1857-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற இஞ்சினீயர் அதற்குப் போட்டியாக ஒரு ரைபிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். திருகாணிகளுக்கு ஒரே அளவு வகுத்த மகானுபாவர் இவர்தான். இவருடைய ரைபிளின் வாய் .451 அங்குலந்தான். நெடுந்தூரப் பரீட்சையில் அது என்ஃபீல்டைத் தலைகுனிய வைத்துவிட்டது. சிறுத்த குண்டுக்கு முதல் வெற்றி!

1860-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டனை அடுத்த விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கி வைத்தவர் விக்டோரியா மகாராணி. இதே விட்வொர்த் ரைபிளை ஒரு தாங்கியில் பொருத்தி, விசையில் பட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ராணியார் கயிற்றைச் சுண்டினார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த பலகையில், மையத்துக்கு மிக அருகில் போய்ப் பதிந்தது குண்டு. குறி பார்த்தது விட்வொர்த்தின் ஏற்பாடு என்று ஆண் வாசகர்கள் முணுமுணுக்கக் கூடும். முணுமுணுக்கட்டும். சுட்டது ஒரு ஸ்திரீ.

1874-இல் அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த க்ரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் 800, 900, 1,000 கஜப் போட்டி நடந்தது. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளியில் தோல்வி! அயர்லாந்து வீரர் ஒருவர் அருமையாகக் குறி பார்த்து நடு மையத்தில் அடித்திருந்தார். ஆனால் அடித்தது பக்கத்துப் பலகையில். அவருக்குச் சுன்னம். அந்த ஒரு குண்டு தன் பலகையில் விழுந்திருந்தால் கோப்பை கடல் கடந்திருக்கும். இப்படியும் நடக்குமா என்று கேட்காதீர்கள். 130 வருஷங்கள் கழித்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கர் மாத்யூ எம்மன்ஸ் இதையே செய்தார். தங்கம் கைக்கு எட்டிய நிலையில், கடைசிக் குண்டைப் பக்கத்தவர் இலக்கில் போட்டுவிட்டார். மனமுடைந்து உட்கார்ந்திருந்தவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டு ரைபிள் வீராங்கனை காடரீனா. 2007-இல் இருவருக்கும் கல்யாணம்! 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கத்தை வாங்கியவர் இந்தக் காடரீனா எம்மன்ஸ்தான். குறி தவறினாலும் குடும்பம் அமைந்தது.

கதைக்கு வருவோம். க்ரீட்மூரில் சுட்ட ரைபிள்களும் முக்கால்வாசி .44, .45 தான். அதற்குக் கீழே இறங்க முடியாமல் தடுத்தது கரி வெடிமருந்து. எவ்வளவு போட்டாலும் ஓரளவு வேகத்துக்கு மேல் தள்ளாது. வேகம் இல்லையென்றால் எடையால்தான் தூரம் போக வேண்டும். ஆகையால் குண்டு பருத்தே இருந்தது. 1884-இல் பிரெஞ்சுக்காரர் பால் வியேய் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். வேகம் எகிறியது. வெறும் ஈயம் அந்த வேகத்தைத் தாங்காமல் குழலுக்குள் உரிந்துபோகும் என்பதால், குண்டுக்கு உலோகச் சட்டை மாட்டினார்கள். பிரிட்டிஷார் 1888-இல் .303-க்கு வந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் குண்டு பாதியாக இளைத்துவிட்டது.

இந்த .303 ரைபிளோடு சேர்ந்து நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் மார்ஜரி ஃபாஸ்டர். கோழிப்பண்ணை நடத்திய பெண்மணி. பிஸ்லி மைதானத்தில் வருஷந்தோறும் நடக்கும் ராஜா பரிசுப் போட்டிதான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ரைபிள் போட்டிகளுக்கெல்லாம் சிகரம். சிப்பாய்களும் ஆபீசர்களும் நூற்றுக்கணக்கில் வந்து மோதும் இடம். 1930-இல் அத்தனை பேரையும் தாண்டி, ஒரே ஒரு புள்ளியில் அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார் மார்ஜரி. அதை வென்ற முதல் பெண் அவர்தான். கோழிக்குத் தீனி போடும் கை 1,000 கஜத்தில் நடுங்கவில்லை.

1960-களின் பிற்பகுதியில் பிஸ்லிக்காரர்கள் .303-ஐ விட்டு 7.62 மில்லிமீட்டருக்கு, அதாவது .308-க்கு வந்தார்கள். அந்தப் போட்டியில் இன்றும் விதிப்படி அதே அளவுதான். ஆனால் விதி கட்டிப் போடாத நெடுந்தூரப் போட்டிகளில் இப்போது 6, 6.5, 7 மில்லிமீட்டர்தான் அதிகம். அவற்றில் 2007-இல் வெளிவந்த ஒன்றுக்கு, அந்தப் பழைய மைதானத்தின் ஞாபகார்த்தமாக 6.5 க்ரீட்மூர் என்றே பெயர். 9 கிராம் எடையை 6.5 மில்லிமீட்டர் பருமனுக்குள் நீளமாக வார்த்திருக்கிறார்கள். அதே மாலைக் காற்றில் .308 இரண்டு மீட்டர் ஒதுங்கினால், இது ஒன்றரை மீட்டர்தான் ஒதுங்குகிறது. உதையும் குறைவு. குறை இல்லாமலும் இல்லை. குழல் சீக்கிரம் தேய்கிறது.

அப்படியானால் இளைத்துக்கொண்டே போய்க் குண்டூசியாகிவிடுமா? ஆகாது. ஒரு மைலுக்கு அப்பால் சுட வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய குண்டு வேகத்தைத் தக்கவைப்பதில்லை. அங்கே குண்டு மறுபடியும் பெருக்கிறது. குட்டைத் தூரத்தில் இது தலைகீழ். 100, 200 கஜத்தில், மேஜை மேல் ரைபிளைத் தாங்க வைத்து, ஐந்து குண்டையும் ஒரே துவாரத்தில் போடப் பார்க்கும் ஒரு வகைப் போட்டி உண்டு. அதில் கொடிகட்டிப் பறப்பது, 1970-களில் ஒரு டாக்டரும் ஒரு கருவி செய்யும் நிபுணருமாகச் சேர்ந்து உருவாக்கிய குள்ளமான 6 மில்லிமீட்டர் தோட்டா.

வேட்டைக்காரர்கள் பெரிய குழல் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் வைத்திருந்தது குறிக்காக அல்ல, பாயும் மிருகத்தை இருபது முப்பது அடியில் நிறுத்துவதற்காக. நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405. ஜிம் கார்பெட்டுக்கோ, 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகப் பரிசாகக் கிடைத்தது .275 என்ற ஒல்லியான ரைபிள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அந்த வேட்டைக் காலம் மலையேறிவிட்டது. நல்ல வேளை!

இவ்வளவையும் நான் அக்காவிடம் ஒரு மூச்சில் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் இதில் ஆண்களுக்குச் சமமாக நிற்க முடியுமா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் .22-இல் இருக்கிறது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டி ஆண் பெண் இருபாலாருக்கும் பொது. அமெரிக்கப் பெண் மார்கரெட் மர்டாக்கும், அவர் நாட்டுக்காரரான லானி பாஷமும் 1,162 என்று சரிசமமாக நின்றார்கள். விதிகளைப் பார்த்துத் தங்கத்தை பாஷமுக்குக் கொடுத்தார்கள். தேசிய கீதம் இசைத்தபோது பாஷம் கையை நீட்டி, மர்டாக்கைத் தம்முடைய உச்சிப் படிக்கே ஏற்றி நிறுத்திக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து 1984-இல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது. மரியாதைதான். ஆனால் காற்று ரைபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 என்று வைத்தார்கள். ரைபிளைத் தூக்கிக்கொண்டு இன்னும் இருபது குண்டு சுடப் பெண்களுக்குத் திராணி இல்லை என்று எண்ணிவிட்டார்கள் போலும். குடம் தூக்கும் இடுப்பை அவர்கள் பார்த்ததில்லை! 2018-இல்தான் இருவருக்கும் 60 என்று ஆயிற்று.

விளைவைப் பாருங்கள். 2024 பாரிஸில் அதே 4.5 மில்லிமீட்டர், அதே பத்து மீட்டர், அதே 60 குண்டு. தகுதிச் சுற்றில் ஆண்களில் முதலாவதாக வந்த சீன வீரர் ஷெங் லிஹாவோ 631.7. பெண்களில் முதலாவதாக வந்த தென் கொரியாவின் பான் ஹியோஜின் 634.5. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது பதினாறு. ரைபிளைத் தொட்டு மூன்றே வருஷம். இறுதிச் சுற்றில் அவளும் சீனப் பெண்ணும் 251.8 என்று சமமாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு குண்டு போடச் சொன்னார்கள். இவளுக்கு 10.4, அவளுக்கு 10.3. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருந்தது கால் மில்லிமீட்டர்.

நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும் அதே சுற்றில் இருந்தார். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியவர். பாரிஸில் 60 குண்டுக்கு 630.7. சராசரி பத்தரைக்கு மேல். அப்படியும் பத்தாவது இடந்தான். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அன்று அக்காவின் பெண் தொலைக்காட்சிக்கு எதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இதைப் பார்த்துத்தான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஜெயித்தவரைப் பார்த்து ஆசை வருவது சகஜம். இவளுக்கு, பத்தாவதாக வந்தவரைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன தீர்ப்புச் சொல்வது?

அக்கா சம்மதித்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் குண்டே கொடுக்கவில்லை. வெறும் ரைபிளை வைத்துக்கொண்டு நிற்கவும், மூச்சை விட்டு அடக்கவும், விசையை அழுத்திய பிறகும் அசையாமல் இருக்கவுமே பயிற்சி. இவ்வளவு நேரம் இவள் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்ததே இல்லை என்கிறாள் அக்கா.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்பினால், சில விஷயங்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு உட்பட்ட காற்று ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. .22-க்கு வேண்டும். ஒலிம்பிக் தரத்து ரைபிள் விலை லட்சங்களில். ஆரம்பத்தில் மைதானத்து ரைபிளே போதும். கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த கெட்டிச் சட்டை ஒன்று போட வேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் அது ஒரு தபஸ். தலைமுடியை இறுகப் பின்னிவிடுங்கள், கன்னம் ரைபிளில் படியும்போது குறுக்கே விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குண்டு ஈயம். சுட்டுவிட்டு வந்த கையோடு முறுக்கு டப்பாவைத் திறக்க விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும்.